பனிக்கு முன் கூரை: கடைக்கட்டடங்களின் தட்டைக் கூரையைக் குளிர்காலத்தில் காப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு சிறிய பிளாசாவை, அதாவது வரிசைக் கடைத்தொகுதியை, பராமரிக்கும் பொறுப்பை நான் ஏற்ற முதல் குளிர்காலம். பொங்கலுக்கு மூன்று நாள்தான் இருந்தது. புடவைக்கடைக்குள், பட்டு அடுக்கியிருந்த தட்டுக்கு நேர் மேலே, உட்கூரைப் பலகையில் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. மதியத்துக்குள் அது தாம்பாளம் அளவுக்கு விரிந்தது. மாலையில் சொட்டத் தொடங்கியது. கடைக்காரரும் நானும் வாளிகளை வைத்துவிட்டுப் புடவைகளை மூட்டை மூட்டையாக மறுபுறம் நகர்த்தினோம்.

மறுநாள் கூரைக்கு ஏறிப் பார்த்த வேலைக்காரர், "கூரையில் ஓட்டை எதுவும் இல்லை" என்றார். நான் நம்பவில்லை. அவர் எடுத்துவந்த படங்களைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. வடிகால் வாயின் மேல் மேப்பிள் இலைகள், அவற்றோடு ஒரு பிளாஸ்ரிக் பை, எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கியபடி ஒரு பனிக்கட்டி. முந்தைய வாரம் பெய்திருந்த பனி, பிறகு வந்த மழையில் கரைந்திருக்கிறது. கரைந்த நீர் போக வழியில்லாமல் தேங்கி, சுவரோரம் மடித்து ஏற்றியிருந்த நீர்காப்பு விரிப்பின் மேல்விளிம்பையும் தாண்டி உள்ளே இறங்கியிருக்கிறது. ஒக்ரோபரில் யாராவது அந்த இலைகளை அள்ளியிருந்தால் ஒரு புடவையும் நனைந்திருக்காது.

இந்த வழிகாட்டி ரொறன்ரோப் பகுதியில் கடை, உணவகம், களஞ்சியம், அலுவலகம் போன்ற தட்டைக் கூரைக் கட்டடங்களை வைத்திருப்பவர்களுக்கும் அவற்றில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உரியது. எல்லாரும் பனியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது வெளியே போக வழி கிடைக்காத நீருக்கு. கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை அந்த வழியைத் திறந்து வைப்பதற்கானவை; அவற்றில் பாதிக்கு மேல் பனி பெய்யும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் சுமைக்கணக்கு

எந்த வேலைக்கும் முன் ஒரு கணக்கை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 20 அடி அகலமும் 60 அடி நீளமும் கொண்ட ஒரு சிறு கடையின் கூரை ஏறத்தாழ 111 சதுர மீற்றர். அதன்மேல் 30 சென்ரிமீற்றர் புதுப்பனி, பஞ்சு போன்றது, விழுந்தால் மொத்தம் 3 தொன் அளவுதான் பாரம். அதே உயரத்துக்கு ஈரமான, இறுகிய பனி என்றால் 13 தொன்னை எட்டிவிடும். 10 சென்ரிமீற்றர் தடிப்பில் பனிக்கட்டி உறைந்திருந்தால் 10 தொன். வடிகால் அடைபட்டு 15 சென்ரிமீற்றர் நீர் தேங்கினால் 16 தொன்னுக்கும் மேல்.

ஆகவே பனியின் உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. முழங்கால் அளவு புதுப்பனியைச் சாதாரணமாகத் தாங்கும் கூரை, அதன்மேல் ஒரு நாள் மழை பெய்து நீர் வெளியேறாமல் நின்றால் திணறும்.

இன்றைய விதிகளின்படி ரொறன்ரோப் பகுதியில் ஒரு சாதாரணத் தட்டைக் கூரை சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 110 முதல் 140 கிலோ வரையான பனிச்சுமைக்கு வடிவமைக்கப்படுகிறது. பனி ஒதுங்கிக் குவியும் இடங்களுக்கு இதைவிடக் கூடுதல். உங்கள் கட்டடத்துக்கு உரிய எண்ணைப் பழைய வரைபடத்திலிருந்தோ கட்டமைப்புப் பொறியியலாளரிடமிருந்தோ எழுத்தில் பெற்று, அலுவலகச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். பெரும்பனி நாளில் அந்த எண் கையில் இல்லாதவர் வெறும் ஊகத்தில்தான் நிற்பார்.

செப்ரெம்பர்: கூரை யாருடையது, எப்படிப்பட்டது

நம்மவர்களிடையே இந்தக் கேள்வியில்தான் அதிகத் தகராறு நடக்கிறது. வாடகைக்கு இருப்பவர் "கூரை உரிமையாளருடையது" என்கிறார். உரிமையாளரோ "பராமரிப்புச் செலவு வாடகைக்காரருடையது" என்கிறார். இருவரும் ஒப்பந்தத்தை எடுத்து வாசித்ததில்லை. வரி, காப்புறுதி, பராமரிப்பு மூன்றையும் வாடகைக்காரர் தலையில் வைக்கும் ஒப்பந்தங்கள் இங்கே பரவலாக உள்ளன. அவற்றிலும் சிறு பழுது ஒருவருக்கு, முழுக் கூரை மாற்றம் இன்னொருவருக்கு என்று பிரித்திருப்பார்கள். ஒரே கட்டடத்தில் ஒவ்வொரு கடைக்கும் தனி உரிமையாளர் இருக்கும் வணிகக் கொண்டோவில் சொந்தக் கடை வாங்கியவராக இருந்தால் கூரை பெரும்பாலும் பொதுச்சொத்து. நீங்களே ஆளை ஏற்றிப் பழுது பார்த்தால் பிறகு சிக்கல் வரும். நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பனி அகற்றுவது யார் பொறுப்பு என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் இப்போதே ஒரு மின்னஞ்சலில் பேசித் தீர்த்துவிடுங்கள்.

அடுத்தது கூரையின் வகை. சரளைக்கல் பரப்பியிருந்தால் அது பெரும்பாலும் பழைய தார்க் கூரை. சிறு மணல்துகள்கள் ஒட்டிய கறுப்பு அல்லது சாம்பல் சுருள்கள் என்றால் மாற்றியமைத்த தார் விரிப்பு. வழவழப்பான கறுப்பு என்றால் அநேகமாக ஈ.பி.டி.எம். எனும் றப்பர். வெள்ளை என்றால் ரி.பி.ஓ. அல்லது பி.வி.சி. எனும் பிளாஸ்ரிக் விரிப்பு. இந்தப் பெயர் ஏன் முக்கியம்? ஒன்றுக்குப் பொருந்தும் ஒட்டுமருந்து மற்றொன்றைக் கெடுக்கும். றப்பர்க் கூரையிலும் வெள்ளைக் கூரையிலும் தார்ப்பசையைப் பூசியவர்களை நான் கண்டிருக்கிறேன். அவசரத்துக்குப் பூசிய அந்தப் பசை விரிப்பைப் பதம் கெடுத்துவிட, அடுத்த ஆண்டு அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதிதாகப் போடவேண்டி வந்தது.

நீர் போகும் வழி

இந்தப் பகுதியை மட்டும் வாசித்துவிட்டு மற்றவற்றை விட்டாலும், பாதிச் சேதத்தைத் தவிர்த்துவிடலாம்.

தட்டைக் கூரை என்று சொன்னாலும் அது முழுத் தட்டையாக இருக்கக் கூடாது. 50 மீற்றருக்கு 1 மீற்றர் என்ற சரிவில் நீர் வடிகாலை நோக்கி ஓட வேண்டும். பழைய கட்டடங்களில் அந்தச் சரிவு பல இடங்களில் இறங்கிப் போயிருக்கும். மழை பெய்து இரண்டு நாள் கழித்துக் கூரையைப் படம் எடுங்கள். 48 மணி நேரத்துக்குப் பிறகும் நீர் நிற்கும் குட்டைகளைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் அந்த இடங்கள்தான் பனிக்கட்டித் தட்டுகளாக மாறும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது. விரிப்பின் சிறு வெடிப்பில் இறங்கிய நீர் இரவில் உறைந்து வெடிப்பைப் பிளக்கும். பகலில் உருகி இன்னும் ஆழமாக இறங்கும். மறுநாள் இரவு மறுபடியும் உறையும். ரொறன்ரோவில் வெப்பநிலை பூச்சியத்தைச் சுற்றி ஏறி இறங்கும் நாள்கள் ஏராளம். தொடர்ந்து கடுங்குளிராகவே இருக்கும் ஊரைவிட இந்த ஏற்ற இறக்கம் கூரையை அதிகம் வதைக்கிறது.

இப்போது வடிகால்கள். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். மேலே கவிழ்த்த கூடை போன்ற மூடி இருக்கிறதா என்று பாருங்கள். உடைந்தோ காணாமலோ போயிருந்தால் புதிது வாங்குங்கள். விலை அற்பம். மூடி இல்லாத வடிகாலில் இலையும் குப்பையும் குழாய்க்குள்ளேயே போய் அடைக்கும், அதை எடுப்பது பெரும்பாடு. பிறகு ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். சுழன்று இறங்கினால் நல்லது. மெதுவாக ஊறி இறங்கினால் குழாயைச் சுத்தம் செய்ய ஆளை அழையுங்கள்.

விளிம்புச் சுவரில் நீர் வெளியேறுவதற்கு விட்டிருக்கும் துளைகளையும் பாருங்கள். வடிகால் அடைபட்டால் உயிர்காப்பது அந்தத் துளைகள்தான். பறவைக்கூடு, பழைய விளம்பரப் பலகையின் துண்டு, முந்தைய வேலைக்காரர் விட்டுப்போன பசை டப்பா, இவையெல்லாம் அந்தத் துளைகளில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சில கூரைகளில் நகரின் மழைநீர்க் குழாய்கள் நிரம்பி வழியாதிருக்க, நீரை வேண்டுமென்றே மெதுவாக விடும் வடிகால்களைப் பொருத்தியிருப்பார்கள். அது தெரியாமல் "மெதுவாக இறங்குகிறது" என்று யாராவது அதன் உட்பாகத்தைக் கழற்றிவிடக் கூடாது. அப்படிப்பட்ட கூரையில் மேலதிக நீர் வழியும் துளைகள் திறந்திருப்பது இரட்டிப்பு முக்கியம்.

இந்தச் சுத்தம் ஒரு முறை போதாது. செப்ரெம்பரில் ஒரு முறை. நவம்பரில் மரங்கள் முழுவதும் உதிர்ந்த பின் இன்னொரு முறை. என் பிளாசாவின் பின்புறம் பெரிய மேப்பிள் மரங்கள் நிற்பதால் டிசெம்பர் முதல் வாரத்தில் மூன்றாவது முறையும் ஆளை ஏற்றுகிறேன். ஆண்டுதோறும் உறைந்து அடைபடும் வடிகால் இருந்தால், மின்கலைஞரைக் கொண்டு தன்னியக்கமாக வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் சூடாக்கும் கம்பியைப் பொருத்தலாம். நல்ல வெப்பக்காப்புள்ள கூரைகளில் கட்டடத்தின் சூடு மேலே வராது. அதனால் வடிகால் வாய் உறைவதற்கான வாய்ப்பு அங்கேதான் கூடுதல்.

விரிப்பும் மூட்டுகளும்

பரந்து கிடக்கும் விரிப்பின் நடுவில் ஒழுக்கு தொடங்குவது குறைவு. விரிப்பு எங்கே முடிகிறதோ, எங்கே மடங்குகிறதோ, எங்கே எதையாவது சுற்றிச் செல்கிறதோ அங்கேதான் தொடங்கும். விளிம்புச் சுவரோரம், குழாய் வெளிவரும் இடம், இயந்திரத்தின் அடிச்சட்டம், வெளிச்சத்துக்காகக் கூரையில் பதித்த ஸ்கைலைற்றின் ஓரம், இரு சுருள்கள் சந்திக்கும் மூட்டு. குளிரில் விரிப்பு சுருங்கும்; சுருங்கும்போது இந்த ஓரங்களைத்தான் இழுக்கும். பழைய றப்பர்க் கூரையில் சுவரின் அடியில் விரிப்பு ஒட்டாமல் கூடாரத் துணிபோல் விறைத்து நின்றால், இந்தக் குளிரில் கிழியக்கூடும் என்று கொள்ளுங்கள்.

மூட்டுகளின் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்தி நகர்த்திப் பாருங்கள். மேலெழுந்தால் அந்த இடத்தைக் குறித்துவையுங்கள். தகர மடிப்புகளின் ஆணிகள் தளர்ந்திருக்கின்றனவா, பூசிய பசை காய்ந்து வெடித்திருக்கிறதா, தார் விரிப்பில் கொப்புளங்கள் உண்டா என்று பாருங்கள். கொப்புளத்தைக் காலால் மிதித்து உடைக்கக் கூடாது. பனிக்காலத்தில் அதன்மேல் பனி அள்ளும் சவள் படாதபடி அடையாளம் வைத்தால் போதும்.

பழுதுகளை ஒக்ரோபர் முடிவுக்குள் செய்துவிடுங்கள். பல ஒட்டுமருந்துகளும் பசைகளும் 5 பாகை செல்சியஸுக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. ஜனவரியில் செய்யும் பழுது பெரும்பாலும் தற்காலிகமானதே. வசந்தத்தில் அதே இடத்துக்கு மறுபடியும் காசு கொடுப்பீர்கள். தீச்சுவாலையால் ஒட்டும் வேலை என்றால், வேலை முடிந்த பின் நெருப்புக் கண்காணிப்புக்கு ஆள் நிற்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். விளிம்புச் சுவருக்குள் புகுந்த பொறி மணிக்கணக்கில் புகைந்துகொண்டிருந்து பிறகு பற்றியெரியக்கூடும்.

கண்ணுக்குத் தெரியாத ஈரம்

விரிப்பின் கீழே வெப்பக்காப்பு அடுக்கு இருக்கிறது. அதற்குள் நீர் புகுந்துவிட்டால், மேலே பார்க்க எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். உள்ளே அது பஞ்சணைபோல் நீரைத் தாங்கிக்கொண்டு, சூட்டைக் காக்கும் தன்மையை இழந்து, பாரத்தைக் கூட்டி, கீழேயுள்ள இரும்புத் தளத்தை அரித்துக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க வெப்பப்படக் கருவியால் கூரையை ஆராய்வார்கள். வெயில் நன்றாக அடித்த நாளின் மாலைப்பொழுது அதற்கு உகந்தது. ஈரமான இடம் பகலின் சூட்டை நெடுநேரம் விடாமல் வைத்திருப்பதால் படத்தில் பளிச்சென்று தெரியும். கூரை காய்ந்திருக்க வேண்டும் என்பதால் இதையும் இலையுதிர்காலத்துக்குள் முடிக்க வேண்டும். சரளைக் கூரையில் படம் தெளிவாக வராமல் போகலாம். அங்கே சிறு துண்டு வெட்டிப் பார்ப்பதே உறுதி.

"கொஞ்சம்தான் ஒழுகுகிறது, பல வருடமாக அப்படித்தான்" என்று சொல்பவர்களுக்கு எலியட் லேக் நகரைப் பற்றி நான் சொல்வதுண்டு. வட ஒன்ராறியோவில் உள்ள அந்தச் சிற்றூரின் அல்கோ வணிக வளாகத்தில் கூரையே வாகனத் தரிப்பிடமாகவும் இருந்தது. 1980இல் திறந்த காலத்திலிருந்தே அது ஒழுகியது. குளிர்காலத்தில் வாகனங்களோடு வந்த உப்பு நீரில் கரைந்து இறங்கி, ஓர் இரும்பு விட்டத்தின் இணைப்பை முப்பது ஆண்டுகளாக அரித்தது. 2012 ஜூன் 23 அன்று அந்த இணைப்பு விட்டுப்போய்க் கூரையின் ஒரு பகுதி கீழே விழுந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். அது கோடைக்காலம், கூரையில் பனி ஒரு பொட்டும் இல்லை. பின்னர் நடந்த பொது விசாரணையின் அறிக்கை 2014இல் வெளிவந்தது. ஒழுக்கைத் தெரிந்தே விட்டுவைத்த கதை அதில் பக்கம் பக்கமாக இருக்கிறது. எந்தக் கூரையிலும் உப்பைக் கொட்டாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கும் அந்த ஊர்தான் காரணம்.

கூரை மேலுள்ள இயந்திரங்கள்

சூடாக்கும், குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்க்க ஆண்டு முழுவதும் யாராவது ஏறி இறங்குகிறார்கள். அவர்கள் விட்டுச்செல்லும் திருகாணிகளும் தகரத் துண்டுகளும் பனிக்கு அடியில் கத்திபோல் கிடக்கும். சேவைக்கு வந்தவர் போன பிறகு ஒருமுறை பெருக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தின் மூடிகள் இறுகப் பூட்டியிருக்கின்றனவா, எரிவாயுக் குழாயைத் தாங்கும் கட்டைகள் நகர்ந்து விரிப்பைக் கிழிக்கின்றனவா என்றும் பாருங்கள்.

உணவகம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கொத்துரொட்டியும் பொரியலும் நாள்முழுதும் நடக்கும் சமையலறையின் புகைபோக்கி விசிறியிலிருந்து எண்ணெய் கசிந்து கூரையில் படியும். தார் விரிப்பையும் றப்பரையும் அந்த எண்ணெய் மென்மையாக்கிப் பருக்கச் செய்யும். கோடையில் பிசுபிசுப்பாகத் தெரிந்த இடம் குளிரில் பிளக்கும். விசிறியின் அடியில் எண்ணெய் தாங்கும் தட்டை வைத்து, மாதந்தோறும் வெறுமையாக்குங்கள். கூரையை முழுவதும் மாற்றும் காலம் வரும்போது, விசிறியைச் சுற்றியுள்ள பகுதிக்காவது பி.வி.சி. போடலாமா என்று கேளுங்கள். அது எண்ணெயை நன்றாகத் தாங்கும்.

சமையலறையின் நீராவி இன்னொரு குழப்பத்தையும் உண்டாக்கும். கடுங்குளிர் நாளில், வெளியே ஒரு துளி உருகாத நேரத்தில், உட்கூரையிலிருந்து நீர் சொட்டினால் அது ஒழுக்காக இல்லாமல் இருக்கலாம். சூடான ஈரக்காற்று மேலே போய் குளிர்ந்த இரும்பில் பட்டு வியர்க்கிறது. கூரைக்காரரை அழைக்கும் முன் காற்றோட்டத்தைச் சரிபாருங்கள்.

பனி அகற்றும் ஒப்பந்தம்

வாகனத் தரிப்பிடத்துப் பனியை அள்ளும் நிறுவனமும் கூரைப் பனியை அகற்றும் நிறுவனமும் ஒன்றல்ல. பெரும்பனி பெய்த மறுநாள் காலை தொலைபேசியை எடுத்தால் யாரும் கிடைக்க மாட்டார்கள். 2022 ஜனவரி 17 அன்று ரொறன்ரோப் பகுதியின் சில இடங்களில் ஒரே நாளில் 50 சென்ரிமீற்றருக்கும் மேல் கொட்டியது நினைவிருக்கும். அன்று முன்கூட்டியே ஒப்பந்தம் வைத்திருந்தவர்களுக்குத்தான் ஆள் வந்தது.

நவம்பருக்குள் எழுத்தில் முடிக்க வேண்டியவை: எத்தனை மணி நேரத்துக்குள் வருவார்கள், கட்டணம் மணிக்கணக்கா பரப்புக்கணக்கா, அள்ளிய பனியை எங்கே இறக்குவார்கள், விரிப்பு சேதமானால் யார் பொறுப்பு. வேலையாட்களின் உயரத்தில் வேலை செய்யும் பயிற்சிச் சான்றைக் கேளுங்கள். ஒன்ராறியோவில் அது 3 ஆண்டுகளுக்கே செல்லும். வேலையிடக் காப்புறுதிச் சபையின் சான்றையும் பொறுப்புக் காப்புறுதிப் பத்திரத்தையும் வாங்கிவையுங்கள். "எங்கள் தம்பி ஒருவன் இருக்கிறான், ஐம்பது டொலருக்கு ஏறிவிடுவான்" என்ற யோசனை வேண்டவே வேண்டாம். பனி மூடிய கூரையில் விளிம்பும் தெரியாது, ஸ்கைலைற்றும் தெரியாது. ஸ்கைலைற்றின் மேல் கால் வைத்தவர் நேரே கடைக்குள் விழுவார். வடிகால், ஸ்கைலைற், குழாய் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மீற்றர் உயரத்துக்கு நிறக்கொடி கட்டிய கம்புகளை, விரிப்பைத் துளைக்காத பாரமான அடித்தட்டில், இப்போதே நிறுத்திவையுங்கள்.

பனி பெய்யும்போது

ஒவ்வொரு பனிக்கும் கூரையை வழிக்க வேண்டியதில்லை. தேவையில்லாமல் அள்ளினால் சவள்தான் கூரையைக் கிழிக்கும். எப்போது அள்ளுவது என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. பயிற்சி பெற்றவரைக் கொண்டு, கூரையில் 25 சென்ரிமீற்றருக்கு 25 சென்ரிமீற்றர் சதுரமாகப் பனியை மேலிருந்து அடிவரை நேராக வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். பையில் போட்டுக் கடைத் தராசில் நிறுத்து, வந்த கிலோவை 16ஆல் பெருக்குங்கள். அது சதுர மீற்றருக்கு உள்ள பாரம். தராசு 5 கிலோ காட்டினால் 80 கிலோ. 7 கிலோ காட்டினால் 112. பொறியியலாளர் தந்த எண்ணின் பாதியைத் தாண்டி, மேலும் பனியோ மழையோ வரும் என்று முன்னறிவிப்பும் இருந்தால், நான் ஆளை அழைத்துவிடுவேன். மழை என்று கேட்டால் இன்னும் முந்திக்கொள்வேன். இறுகிய பனி மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

ஒரே இடத்தில் எடைபார்ப்பதோடு விடாதீர்கள். காற்று பனியை உயரமான சுவரின் அடியிலும், பெரிய இயந்திரங்களின் பின்னாலும், உயர்ந்த கூரையை ஒட்டிய தாழ்ந்த கூரையிலும் குவிக்கும். பக்கத்தில் புதிதாக உயரமான கட்டடம் எழுந்திருந்தால், உங்கள் கூரையில் முன்பு இல்லாத குவியல் இனி வரும். புது இயந்திரம் வைத்தாலும் அப்படியே. கூரையின் வெப்பக்காப்பைக் கூட்டினால் சூடு மேலே கசியாது, பனி உருகாமல் நிற்கும். இந்த மூன்றில் எது நடந்தாலும் பொறியியலாளரிடம் மறுபடியும் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். சூரியத்தகடு பொருத்தும் முன்பும்தான்.

அள்ளும்போது முதலில் வடிகால்களுக்குப் பாதை வெட்ட வேண்டும். அடுத்துக் குவியல்களைக் குறைக்க வேண்டும். பிறகு கூரை முழுவதும் படலம் படலமாக, சமமாகக் குறைக்க வேண்டும். ஒரு பாதியைத் துப்புரவாக வழித்துவிட்டு மறுபாதியை அப்படியே விட்டால் விட்டங்களில் பாரம் ஒருபக்கமாகி, இருந்ததைவிட ஆபத்து கூடும். கூரையிலேயே ஓரிடத்தில் குவித்துவைப்பதும் அதே தவறு. பிளாஸ்ரிக் சவள் மட்டுமே. உலோக விளிம்புள்ளது கூடாது. விரிப்பின்மேல் 5 சென்ரிமீற்றர் அளவு பனியை விட்டுவிடுங்கள். பனிக்கட்டியைக் கோடரியாலோ சுத்தியலாலோ கொத்தக் கூடாது. வெள்ளை விரிப்பில் உறைபனி படிந்தால் கண்ணாடிபோல் வழுக்கும் என்பதையும் ஏறுபவருக்குச் சொல்லுங்கள்.

கீழே பனி விழும் இடத்தை மறித்துவையுங்கள். பின்கதவு, அவசர வெளியேற்றம், எரிவாயு அளவைமானி ஆகியவற்றை மூடும்படி கொட்டக் கூடாது. கூரை இயந்திரங்களின் காற்று உள்வாங்கும் வாயையும் புகை வெளியேறும் வாயையும் பனி அடைத்தால் கார்பன் மொனொக்சைட் கடைக்குள் வந்துவிடும். ஒவ்வொரு பெரும்பனிக்குப் பிறகும் அவற்றைப் பார்க்க வேண்டும். கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்றும் சோதியுங்கள்.

உடனே வெளியேற வேண்டிய அறிகுறிகள்

கூரை பெரும்பாலும் சொல்லாமல் விழுவதில்லை. கதவுகள் திடீரென்று இறுகித் திறக்க மறுக்கும். உட்கூரைப் பலகைகள் வளையும் அல்லது தாமாகக் கழன்று விழும். தீயணைப்புத் தெளிப்பான்களின் தலை வழக்கத்தைவிடக் கீழே இறங்கித் தெரியும். சுவரில் புது வெடிப்பு, குழாய்களில் வளைவு, மேலிருந்து முறியும் அல்லது வெடிக்கும் ஓசை. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வாடிக்கையாளர்களையும் வேலையாட்களையும் வெளியேற்றிவிட்டு 911ஐ அழையுங்கள். பனியை அள்ளிப் பார்ப்போம் என்று யாரையும் மேலே அனுப்பாதீர்கள். போலந்தின் கத்தோவிச்சே நகரில் 2006 ஜனவரி 28 அன்று, கண்காட்சி நடந்துகொண்டிருந்த மண்டபத்தின் கூரை பனிச்சுமையோடு இடிந்து 65 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தின் வடிவமைப்பிலும் குறைகள் இருந்தன. உங்கள் கட்டடத்தில் குறை இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அன்றைய விற்பனை போனால் போகட்டும்.

ஜனவரி உருகல்

ஜனவரியிலோ பெப்ரவரியிலோ சில நாள்கள் வெப்பநிலை திடீரென்று ஏறி, மழையும் பெய்து, பிறகு கடுங்குளிர் திரும்பும். என் பிளாசாவின் புடவைக்கடைக்கு நேர்ந்தது அப்படிப்பட்ட நாள்களில்தான். இப்போது முன்னறிவிப்பில் இரண்டு நாள் தொடர்ந்து பூச்சியத்துக்கு மேல் என்று கண்டாலே, முதல்நாளே வடிகால்களைத் திறந்துவைக்க ஆளை அனுப்புகிறேன். உறைந்த வடிகாலை வெந்நீராலோ நீராவியாலோ திறக்கலாம். சுவாலை வேண்டாம், உப்பு வேண்டாம்.

உள்ளே ஒழுகத் தொடங்கிவிட்டால், உட்கூரைப் பலகையில் நீர் தொங்கி நிற்கும் இடத்தின் கீழே வாளியை வைத்து, பலகையில் சிறு துளையிட்டு நீரை வடியவிடுங்கள். இல்லாவிட்டால் பலகையே நீரோடு விழும். அந்தப் பகுதியின் மின்சாரத்தை நிறுத்துங்கள். சரக்கை நகர்த்துங்கள். சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் கூரையில் பழுது இருக்கும் என்று எண்ண வேண்டாம். நீர் இரும்புத் தளத்தின் பள்ளங்களில் பல மீற்றர் ஓடிவந்து வேறெங்கோ இறங்கும். நேரத்தைக் குறித்து, படங்களும் காணொளியும் எடுத்து, அன்றே காப்புறுதி முகவருக்கு அறிவியுங்கள். மெல்ல மெல்ல நெடுங்காலம் ஒழுகியதால் வந்த சேதத்தைப் பெரும்பாலான காப்புறுதிகள் ஏற்பதில்லை. செப்ரெம்பரில் எடுத்த படங்களும் வடிகால் சுத்தம் செய்த பற்றுச்சீட்டுகளும் அப்போதுதான் கைகொடுக்கும். ஈரத்திலும் ஒட்டக்கூடிய பசையால் தற்காலிகமாக அடைக்கலாம், உங்கள் விரிப்பின் வகைக்கு அது பொருந்தும் என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டும்.

முகப்பில் தொங்கும் பனிக்கட்டி

பல பிளாசாக்களின் முகப்பில் அழகுக்காக ஒரு சரிந்த கூரை இருக்கும். உள்ளிருந்து கசியும் சூட்டில் மேற்பனி உருகி, குளிர்ந்த ஓரத்தில் வந்து உறைந்து ஈட்டிகளாகத் தொங்கும், நடைபாதைக்கு நேர் மேலே. 2013 டிசெம்பர் உறைமழையின்போது ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. மரங்கள் முறிந்ததைத்தான் எல்லாரும் பேசினார்கள். தலைக்கு மேலே தொங்கியவற்றை அண்ணாந்து பார்த்தவர்கள் குறைவு. காலையில் கடை திறக்கும் முன் மேலே பாருங்கள். தொங்கினால் கீழே நாடா கட்டி மறித்து, வாடிக்கையாளரை வேறு பக்கமாக வரச்சொல்லி, பயிற்சி பெற்றவரை அழையுங்கள். நிரந்தரத் தீர்வு உள்ளே இருக்கிறது: சரிவின் பின்னால் சூடு கசியும் இடைவெளிகளை அடைப்பதும், வெப்பக்காப்பைச் சீராக்குவதும்.

ஏப்ரல்

பனி முழுவதும் போனதும் மறுபடியும் ஏறிப் பாருங்கள். செப்ரெம்பரில் படம் எடுத்த அதே இடங்களில் நின்று அதே கோணத்தில் எடுங்கள். சவள் கீறிய தடங்கள், சுவரோரம் இழுபட்ட விரிப்பு, புதிதாக எழும்பிய கொப்புளம், குளிர்காலத்தில் செய்த தற்காலிக ஒட்டுகள் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறியுங்கள். தற்காலிக ஒட்டு ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்து முறையாகச் செய்ய மே மாதத்துக்கே விலைமதிப்பைக் கேளுங்கள். கோடையின் நடுவில் நல்ல கூரைக்காரர்கள் கிடைப்பது அரிது. இந்த வசந்தத்தில் என் வரைபடத்தில் ஐந்து குறிகள் இருந்தன. புடவைக்கடையின் மேலுள்ள மூன்றாம் எண் வடிகாலுக்கு அருகே ஒன்றும் இல்லை.